ரொறன்ரோவில் குளிர்காலத்துக்கு வீட்டை ஆயத்தப்படுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காபரோவில் ஒரே வீட்டில் இருபத்து நாலு குளிர்காலம் கழித்துவிட்டேன். ஒவ்வொரு புரட்டாதியிலும் கோயில் வாசலிலும் தமிழ் வகுப்பு வாசலிலும் புதிதாக வீடு வாங்கிய பிள்ளைகள் என்னைப் பிடித்து இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். நின்ற நிலையில் வாயால் சொல்லும்போது பாதி விடுபட்டுப் போகிறது. அதனால் எழுதி வைக்கிறேன். ரொறன்ரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன் பக்கங்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

குளிர்காலத்தில் வீட்டுக்கு வரும் சேதத்தில் பெரும்பங்கு தண்ணீரால் வருவது. குழாய்க்குள் உறைகிற தண்ணீர், கூரையில் உருகி உள்ளே இறங்குகிற தண்ணீர், யன்னலில் வழிகிற தண்ணீர். வீட்டைச் சுற்றி ஒருமுறை நடக்கும்போது "இதிலே தண்ணீர் எங்கே தேங்கும்?" என்று கேட்டுக்கொண்டே நடந்தால் பாதி வேலை தானாகக் கண்ணில் படும்.

அக்கா, எப்ப தொடங்கவேணும்? முதல் ஸ்நோ விழ முதலா?

அதற்கும் முன்னாலே. நான் நவராத்திரிக்குத் தொடங்கி விளக்கீட்டுக்குள் முடிப்பேன். நவராத்திரி செப்ரெம்பர் கடைசியிலோ ஒக்டோபரிலோ வரும். அப்போது வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸைப் பார்க்க ஆள் கிடைக்கும். நவம்பர் கடுங்குளிரில் கூப்பிட்டால் ஊர் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும், ஒரு கிழமை காத்திருக்க வேண்டிவரும். கூரையோரப் பீலி துப்புரவாக்கும் வேலையை மட்டும் இலை முழுக்கக் கொட்டிய பிறகு, நவம்பர் நடுப்பகுதிக்கு விடுங்கள். மேப்பிள் மரம் பாதி இலையோடு நிற்கும்போது ஏணி வைத்தால் இரண்டு தரம் ஏறவேண்டும்.

எல்லாத்துக்கும் நேரமில்லை. இந்த ஞாயிறு ஒரு மணித்தியாலம்தான் இருக்கு. என்ன செய்ய?

வெளிக்குழாயை அடைத்துவிடுங்கள். ஃபேர்னஸ் பில்ரரை மாற்றுங்கள். புகை அலாம், காபன் மொனொக்சைட் அலாம் இரண்டின் பொத்தானையும் அமத்திப் பாருங்கள். இந்த மூன்றும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும்.

வெளிக்குழாயை எப்படி அடைக்கிறது? வெளியிலே திருகி மூடினால் போதாதா?

போதாது. எங்கள் முதல் குளிர்காலத்தில் நாங்கள் செய்த பிழை அதுதான். வெளியே இறுக்கி மூடிவிட்டு, அதில் மாட்டியிருந்த தோட்டத்து ரப்பர்ப் பைப்பையும் கழற்றாமல் விட்டோம். தை, மாசி முழுக்க ஒன்றும் தெரியவில்லை. ஏப்ரலில் கத்தரிக் கன்றுக்குத் தண்ணீர் விடக் குழாயைத் திறந்தேன். வெளியே நூலாகத்தான் வந்தது. கீழே பேஸ்மென்ற் சுவருக்குள் இருந்து ஊற்றுப்போல் அடித்தது.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். மூடிய குழாய்க்குள் அதற்குப் போக இடமில்லை, செப்புக் குழாயைக்கூடப் பிளந்துவிடும். பனிக்கட்டியே அடைப்பாக நிற்பதால் உடைந்தது அப்போது தெரியாது. வசந்தத்தில்தான் தெரியவரும்.

செய்யவேண்டியது இது. முதலில் வெளியே பைப்பைக் கழற்றுங்கள். பிறகு பேஸ்மென்ற்றில், அந்தக் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகும் இடத்துக்குக் கிட்ட, கூரைப் பக்கமாக ஒரு வால்வு இருக்கும். அதை மூடுங்கள். திரும்ப வெளியே போய்க் குழாயைத் திறந்து, உள்ளே தங்கியிருக்கும் தண்ணீரை வடியவிடுங்கள். பல வால்வுகளின் பக்கத்தில் சின்னதாக ஒரு மூடி இருக்கும். கீழே ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டு அதைத் திருகினால் மிச்சத் தண்ணீரும் வரும். வெளிக்குழாயைத் திறந்தபடியே விடுங்கள்.

புதிய வீடுகளில் உறையாத வகைக் குழாய் போட்டிருப்பார்கள். அதன் அடைப்பு வீட்டுக்குள்ளே சூடான இடத்தில் இருப்பதால் மூடியதும் மிச்சத் தண்ணீர் தானாக வெளியே வடியும். ஆனால் பைப் மாட்டியபடி இருந்தால் வடியாது, அதுவும் பிளக்கும். எந்த வகையானாலும் பைப்பைக் கழற்றத்தான் வேண்டும்.

ஃபேர்னஸ் வேலை செய்யுதுதானே, ஏன் ஆளைக் கூப்பிடவேணும்?

இயற்கை வாயுவில் ஓடும் சாதனம் அது. சரியாக எரிகிறதா, புகை ஒழுங்காக வெளியே போகிறதா என்பதை நாங்கள் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். ஒன்ராறியோவில் வாயுச் சாதனத்தில் கைவைக்க, மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான ரி.எஸ்.எஸ்.ஏ.யின் உரிமம் வேண்டும். வருகிறவரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரிந்த தம்பி, மலிவாகச் செய்வார் என்று உரிமமில்லாதவரை விடாதீர்கள்.

நீங்களே செய்யக்கூடியது பில்ரர். ஒரு அங்குலத் தடிப்பானதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம் என்று உறையில் போட்டிருக்கும். எங்கள் வீடுகளுக்கு அந்தக் கணக்குச் சரிவராது. பொரியல், தாளிதம், சாம்பிராணி, சாமியறை விளக்கு என்று எல்லாப் புகையும் அதற்குள்தான் போகிறது. மாதத்துக்கு ஒருமுறை இழுத்துப் பாருங்கள், கறுத்திருந்தால் மாற்றுங்கள். விளிம்பில் ஒரு அம்புக்குறி இருக்கும். அது ஃபேர்னஸ் பக்கம் பார்க்கவேண்டும். பில்ரர் அடைபட்டால் காற்று ஓடாமல் ஃபேர்னஸ் சூடேறித் தானாக நின்றுவிடும். பழுது என்று ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுத்த பிறகு, மாற்றியது வெறும் பில்ரர்தான் என்று தெரிந்தவர்கள் பலர்.

இன்னொன்று, வீட்டின் பக்கச் சுவரில் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அவை ஃபேர்னஸ் மூச்சுவிடும் குழாய்கள். 2022 ஜனவரி 17 புயலில் நகரின் சில இடங்களில் 50 சென்ரிமீற்றருக்கு மேல் கொட்டியது. அன்று எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அந்தக் குழாய்கள் புதைந்து ஃபேர்னஸ் நின்றுவிட்டது. வாசல் பனியை வழிப்பதற்கு முன் அந்தக் குழாய்களைச் சுற்றி வழியுங்கள். வாயு மீற்றர் மேலுள்ள பனியையும் கையாலோ தும்புத்தடியாலோ மெல்லத் தட்டுங்கள், சவலால் கொத்தவேண்டாம்.

காபன் மொனொக்சைட் அலாம் கட்டாயமா?

கட்டாயம். எரிபொருளில் ஓடும் சாதனமோ, வீட்டோடு ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளுக்கு ஒன்ராறியோவில் 2014இலிருந்து சட்டமே இருக்கிறது. முதலில் படுக்கையறைகளுக்கு அருகில் என்றுதான் இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் அப்படியான வீடுகளில் ஒவ்வொரு தளத்திலும் வைக்கவேண்டும் என்று விரித்திருக்கிறார்கள். சட்டம் இல்லாவிட்டாலும் நான் வைக்கத்தான் சொல்வேன்.

அந்த வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலையிடி, குமட்டல், அசதி வரும். காய்ச்சலாக்கும் என்று படுத்துவிடுவோம். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலையிடித்து, வெளியே போனதும் சுகமானால் உடனே சந்தேகப்படுங்கள். அலாம் நாலு நாலு தடவையாகக் கத்தினால் காபன் மொனொக்சைட், மூன்று மூன்றாகக் கத்தினால் புகை. யன்னலைத் திறந்துவிட்டு உள்ளே நின்று யோசிக்க வேண்டாம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் 911ஐ அழையுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை ஒரேயொரு கீச்சுச் சத்தம் வந்தால் அநேகமாகப் பற்றறி முடிந்திருக்கும். அலாமின் பின்பக்கத்தில் காலாவதித் திகதி இருக்கும், அதையும் பாருங்கள். நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைத் திருப்பும் நாளில் பற்றறியையும் மாற்றுவது நல்ல பழக்கம்.

கராஜிலே வைத்திருக்கிற குசினியைக் குளிருக்குக் கதவை மூடிப் பாவிக்கலாமா?

இந்தக் கேள்வியை யாரும் உரத்துக் கேட்பதில்லை. காதுக்குள்தான் கேட்பார்கள். ஆனால் எங்கள் ஆட்களின் எத்தனை வீடுகளில் மீன் பொரிக்கவும் கணவாய் சமைக்கவும் கராஜில் ஒரு வாயு அடுப்பு இருக்கிறது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கோடையில் கதவைத் திறந்துவிட்டுச் சமைக்கிறோம். மார்கழியில் குளிருது என்று கதவை முழுக்க இறக்கிவிட்டு அதே அடுப்பை எரிக்கிறோம். அது உயிராபத்து. காபன் மொனொக்சைட் கராஜிலிருந்து உள்ளே போகும் கதவின் இடுக்கு வழியாக வீட்டுக்குள்ளும், மேலே பிள்ளைகள் படுக்கும் அறைக்கும் போகும். புரோப்பேன் சிலிண்டரை கராஜுக்குள் வைக்கவே கூடாது, எப்போதும் வெளியேதான். வீட்டுக்குள் கறிமணம் வேண்டாம் என்றால், புகையை உண்மையில் வெளியே தள்ளுகிற நல்ல விசிறி ஒன்றை அடுப்புக்கு மேல் போடுங்கள். பல வீடுகளில் இருக்கும் விசிறி புகையை இழுத்துத் திரும்ப முகத்துக்கே விடுகிற வகை. மேலே போகும் குழாய் சுவருக்கு வெளியே வருகிறதா என்று பாருங்கள்.

காரைச் சூடாக்க கராஜுக்குள் விட்டு ஓடவிடுவதும் இதே கணக்குத்தான். கதவு திறந்திருந்தாலும் செய்யாதீர்கள்.

யன்னல் எல்லாம் உள்ளுக்குத் தண்ணீர் வழியுது. யன்னல் பழுதா?

இரண்டு கண்ணாடிக்கும் நடுவிலே மங்கலாக இருந்தால் யன்னல் பழுது. அறைப் பக்கமாக வழிந்தால் யன்னலில் பிழையில்லை, வீட்டுக் காற்றில் ஈரம் கூடிவிட்டது. புட்டு, இடியப்பம், சோறு என்று எங்கள் சமையலில் பாதி ஆவி. அதோடு குளியலறை, பேஸ்மென்ற்றில் காயும் உடுப்பு. அந்த ஈரம் எல்லாம் வீட்டிலேயே ஆகக் குளிரான இடத்தைத் தேடிப்போய்ப் படியும். அது கண்ணாடிதான்.

அவிக்கத் தொடங்கும்போதே விசிறியைப் போடுங்கள். குளித்த பிறகு அரை மணித்தியாலம் குளியலறை விசிறி ஓடட்டும். ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள். 30 முதல் 40 சதவீதம் வரை நின்றால் நல்லது. வெளியே –20க்குப் போகும் நாட்களில் 30க்குக் கீழே இறக்கினாலும் குற்றமில்லை. ஃபேர்னஸில் ஈரமூட்டி பூட்டியிருந்தால் குளிர் கூடக் கூட அதைக் குறைக்கவேண்டும். பலர் வறட்சி என்று கூட்டிவிடுகிறார்கள். பகலில் திரையை ஒதுக்கிவிடுங்கள். திரைக்குப் பின்னால்தான் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். வெளிச்சுவரோடு ஒட்டி அலுமாரி இருந்தால் ஒரு கை அளவு தள்ளி வையுங்கள், அதன் பின்புறமும் இதேபோல் நனையும்.

எங்கேயோ இருந்து குளிர்காற்று வருது. எங்கே என்று கண்டுபிடிக்கிறது எப்படி?

ஊதுபத்தி. காற்று அடிக்கும் ஒரு நாளில் விசிறிகள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, கொளுத்திய ஊதுபத்தியை யன்னல் விளிம்பு, கதவின் அடி, கூரைக்கு அடியிலுள்ள மேல்மாடத்தின் மூடி, வெளிச்சுவரில் உள்ள மின்பிளக் என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். திரைச்சீலையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். புகை நேராக எழும்பினால் சரி, வளைந்து ஓடினால் அதுதான் ஓட்டை. கதவுக்கு ரப்பர்ப் பட்டி, யன்னல் சட்டத்து இடுக்கை அடைக்கும் கோக் பசை, பிளக்குக்குப் பின்னால் வைக்கும் பஞ்சுத் தகடு எல்லாம் எந்த வன்பொருள் கடையிலும் கிடைக்கும், விலையும் பெரிதில்லை. பழைய யன்னலை மாற்ற இந்த வருடம் வசதியில்லை என்றால், சட்டத்தில் ஒட்டி முடி உலர்த்தியால் சூடுகாட்டி இறுக்கும் பிளாஸ்டிக் தாள் ஒரு பருவத்துக்குத் தாக்குப்பிடிக்கும்.

பக்கத்து வீட்டுக் கூரையிலே ஐஸ் ஈட்டிபோல வடிவாய்த் தொங்குது. எங்கட வீட்டிலும் தொங்கினால் நல்லதுதானே?

பார்க்க வடிவுதான். ஆனால் அது உங்கள் சூடு கூரைவழியாகப் போகிறது என்பதற்கான அடையாளம். மேல்மாடத்தில் வெப்பக்காப்புப் போதாவிட்டால் கூரைத் தகடு சூடாகி, மேலே கிடக்கும் பனி உருகும். உருகிய தண்ணீர் ஓரத்துக்கு வந்ததும், கீழே வீடில்லாத குளிரான இடத்தில் திரும்ப உறையும். அப்படியே பீலியோரம் ஒரு அணை கட்டிக்கொள்ளும். பின்னால் வரும் தண்ணீர் போக வழியில்லாமல் ஓட்டுக்கு அடியால் புகுந்து உள்கூரையில் மஞ்சள் கறையாக வந்து நிற்கும்.

வெப்பக்காப்பு எவ்வளவு சூட்டைத் தடுக்கும் என்பதை "ஆர்" எண்ணால் சொல்வார்கள், ஆர்-60 அளவு இங்கே பரிந்துரைக்கப்படுகிறது. பழைய ஸ்காபரோ வீடுகளில் அதில் பாதிகூட இருப்பதில்லை. மேல்மாட மூடியைத் தூக்கி ஒரு அளவுகோலை விட்டுப் பாருங்கள். பஞ்சு ஆறேழு அங்குலந்தான் என்றால் குறைவு. குளியலறை விசிறியின் குழாய் கூரைக்கு வெளியே போகாமல் மேல்மாடத்துக்குள்ளேயே முடிந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பீலி அடைபட்டிருந்தால் எல்லாம் இன்னும் மோசமாகும். பீலியிலிருந்து இறங்கும் குழாய் தண்ணீரை அத்திவாரத்தடியில் விடாமல் இரண்டு மீற்றராவது தள்ளி விடுகிறதா என்றும் பாருங்கள்.

வாசலைக் கட்டாயம் நாங்கள்தான் வழிக்கவேணுமா?

ரொறன்ரோவில் தெருவோர நடைபாதையை 2021 குளிர்காலத்திலிருந்து நகரமே வழிக்கிறது. மற்ற நகரங்களில் விதி வேறு, உங்கள் நகரசபையைக் கேளுங்கள். உங்கள் படி, நடை, கார் நிறுத்துமிடம் உங்கள் பொறுப்பு. வழித்த பனியை வீதியில் தள்ளுவது சட்டப்படி பிழை.

கல்லுப்பு –10, –12 பாகைக்குக் கீழே வேலை செய்யாது. அப்போது கல்சியம் குளோரைட் போடுங்கள், அல்லது வழுக்காமலிருக்க மணல் தூவுங்கள். ஐம்பது தாண்டியவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு சவலைத் தூக்காதீர்கள். ஈரப்பனி பாறாங்கல் கனம். தூக்கி எறியாமல் தள்ளுங்கள். நெஞ்சு இறுகினால், இன்னும் கொஞ்சந்தானே என்று நிற்காமல் உள்ளே வாருங்கள்.

நான் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கிறன். தேர்மோஸ்ரற் மேலே வீட்டுக்காரரிட்ட. குளிருது, கேட்கப் பயமாயிருக்கு.

தங்கச்சி, பயப்படாதேயுங்கோ. ஒன்ராறியோ விதிப்படி செப்ரெம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வாடகைக் குடியிருப்பில் 20 பாகையாவது இருக்கவேண்டும். ரொறன்ரோ தன் விதியில் குளிர் மாதங்களுக்கு அதை 21 ஆக வைத்திருக்கிறது. ஒரு வெப்பமானியை வைத்து இரண்டு மூன்று நாள் படம் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கார அண்ணையிடம் முதலில் மரியாதையாக எழுத்தில் கேளுங்கள். எங்கள் ஆள் என்ற தயவு இரண்டு பக்கமும் இருக்கவேண்டியது. பலனில்லாவிட்டால் ரொறன்ரோவில் நகரசபையின் 311 இலக்கத்தை அழையுங்கள்.

மின்சூடாக்கி வைப்பதானால் சுவர்ப் பிளக்கில் நேரே செருகுங்கள், நீட்டிப்புக் கம்பியில் வேண்டாம். கட்டிலிலும் திரையிலுமிருந்து ஒரு மீற்றர் தள்ளி இருக்கட்டும். 1500 வாட் சூடாக்கி ஓடும்போது அதே மின்சுற்றில் கேத்தலையும் போட்டால் மின்சாரம் விழும். படுக்கப் போகும்போது நிற்பாட்டுங்கள்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: பனி வழிப்பது குடியிருப்பவரின் வேலை என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் உங்கள் பொறுப்புப் போய்விடாது. 2009இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் அப்படித் தீர்த்தது, அதுவும் ஒரு பேஸ்மென்ற் குடியிருப்பாளர் வழுக்கி விழுந்த வழக்கில்.

ஃபேர்னஸ் இலவசமாய்ப் பரிசோதிக்க வந்திருக்கிறம் என்று ஒருவர் கதவைத் தட்டினார். விடலாமா?

விடவேண்டாம். ஃபேர்னஸ், சுடுநீர்த் தாங்கி, நீர்வடிகட்டி போன்றவற்றை அழைக்காமல் வீடு தேடிவந்து ஒப்பந்தம் பிடிப்பது 2018 மார்ச் 1 முதல் ஒன்ராறியோவில் தடை. என் மாமியார் தனியே இருந்தபோது ஒருவர் தமிழிலேயே கதைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பத்து வருட வாடகை ஒப்பந்தம் அது. மீளுவதற்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. வீட்டிலிருக்கும் அம்மா அப்பாவுக்கு ஒன்றைமட்டும் சொல்லி வையுங்கள்: மின்சார பில், வாயு பில் எதையும் யாருக்கும் காட்டவேண்டாம், பிள்ளை வந்தபிறகு வரச்சொல்லுங்கோ.

மின்சாரம் நின்றால்? எங்களுக்கு வாயு ஃபேர்னஸ்தானே, ஓடுமா?

ஓடாது. வாயு எரிந்தாலும் விசிறிக்கும் கட்டுப்பாட்டுக்கும் மின்சாரம் வேண்டும். 2013 நத்தாருக்கு முந்திய ஐஸ் புயலில் ரொறன்ரோவில் மட்டும் ஏறத்தாழ மூன்று இலட்சம் மின்னிணைப்புகள் அறுந்தன, சில இடங்களுக்கு ஒரு கிழமைக்கு மேலும் வரவில்லை. அந்த நாட்களில் வீட்டுக்குள் கரி மூட்டியும் கராஜில் ஜெனரேற்றர் ஓட்டியும் ஆட்கள் மயங்கினார்கள், உயிரிழப்பும் நடந்தது. கரியடுப்பும் ஜெனரேற்றரும் எப்போதும் வெளியேதான், யன்னலுக்குக் கிட்டவும் வேண்டாம்.

ரோர்ச், பற்றறி, குடிதண்ணீர், அவிக்காமல் தின்னக்கூடியது, நாள்மருந்து எல்லாம் ஒரு பெட்டியில் இருக்கட்டும். எல்லாரும் ஒரே அறையில் படுங்கள். சூடு வராமல் வீடு உறைநிலையை நோக்கி இறங்கினால் பிரதான வால்வை மூடி, ஆகக் கீழேயுள்ள குழாயைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். அந்தப் பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே வீட்டிலுள்ள எல்லாருக்கும் காட்டுங்கள்.

மார்கழியில் யாழ்ப்பாணம் போறம், ஆறு கிழமை. வீட்டை எப்படி விட்டுப் போக?

போகுமுன் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். குளிர்காலத்தில் தொடர்ந்து நாலு நாளுக்கு மேல் வீட்டில் ஆளில்லாமல் குழாய் உறைந்து வெடித்தால், யாராவது நாள்தோறும் வந்து பார்த்திருக்க வேண்டும் அல்லது தண்ணீரை அடைத்து வடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல பத்திரங்களில் இருக்கிறது. இல்லாவிட்டால் நட்டஈடு கிடையாது. முகவரிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்திருங்கள்.

பிரதான வால்வை மூடிக் குழாய்களை வடித்துவிட்டுப் போவது நல்லது. ஃபேர்னஸை நிற்பாட்டாமல் 16 பாகையில் விடுங்கள். வெளிச்சுவரோடுள்ள குசினிக் கழுவுதொட்டியின் அடிக்கதவைத் திறந்து விடுங்கள், சூடு உள்ளே போகும். திறப்பை ஒருவரிடம் கொடுங்கள், வந்தால் எதைப் பார்க்கவேண்டும் என்று எழுதியும் கொடுங்கள். திரும்பி வரும்போது அவருக்கு ஒரு பனங்கட்டிக் குட்டான் கொண்டுவர மறக்கவேண்டாம்.

கடைசியாய் ஒன்று அக்கா. கறிவேப்பிலை?

இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே போகுமுன் உள்ளே எடுத்துவிடுங்கள், முருங்கைச் சாடியையும்தான். செப்ரெம்பர் நடுப்பகுதியிலிருந்து இரவில் வானிலை பாருங்கள். எடுக்குமுன் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். செதிற்பூச்சி இருந்தால் உள்ளே சூட்டில் பெருகிவிடும். தெற்குப் பார்த்த யன்னலடியில் வையுங்கள். ஃபேர்னஸ் காற்று வரும் துவாரத்துக்கு மேலே வைக்காதீர்கள், இரண்டு கிழமையில் கருகும்.

குளிர்காலத்தில் அது தூங்கும். மண்ணின் மேற்பகுதி ஒரு விரற்கணு ஆழம் காய்ந்த பிறகுதான் தண்ணீர், பசளை வேண்டாம். தையில் இலை முழுக்கக் கொட்டினால் பதறி எறிந்துவிடாதீர்கள். தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. தண்ணீரை இன்னும் குறைத்து மே மாதம் வரை பொறுத்திருங்கள். விக்ரோரியா நாள் விடுமுறையோடு வெளியே எடுக்கலாம், முதல் ஒரு கிழமை நிழலில்.